லொடலொடச் சத்தமும் இரண்டு சிறு கம்பிகளும்

என் காரின் முன்பக்கத்தில் லொடலொடவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது, அதுவும் பெரிய மேடு பள்ளம் இல்லாமல் சொரசொரவென்று இருக்கிற சாலையில், கால் வைக்கும் இடத்துக்கு அடியில் இரும்பும் இரும்பும் இடிபடுகிற சத்தம். வேகம் எடுத்தால் கேட்காது. வழவழப்பான சாலையில் கேட்கவே கேட்காது. பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறினால் சத்தம் பெருக வேண்டும் அல்லவா? அங்கே அமைதி. வேகத்தடையில் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் ஒன்றுமில்லை. அதே வேகத்தடையில் வண்டியைச் சாய்வாக ஏற்றினால், ஒரு சக்கரம் முந்தியும் ஒன்று பிந்தியும் இறங்கும்போது, டக்கென்று ஒரு அடி.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடலாம் என்றார்கள். வண்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை. பள்ளத்தில் இறங்கிய வண்டி தொடர்ந்து ஆடாமல் உடனே நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால் நான் சம்மதிக்கவில்லை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது வராமல் இருக்கிறது என்பதைக் கவனித்தாலே கோளாறு எந்தப் பாகத்தில் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் செலவுக்கு எல்லையே கிடையாது.

என் சந்தேகம் விழுந்தது ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியிலும் அதன் லிங்க்குகளிலும். முதலில் அவை என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

பெரும்பாலான கார்களில் இரண்டு முன் சக்கரங்களையும் இணைத்து, வண்டிக்குக் குறுக்கே ஒரு ஸ்பிரிங் எஃகுக் கம்பி இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ப வடிவம். அதுதான் ஸ்டெபிலைசர் பார். நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள், அதாவது கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் உருளைகளுக்குள், வைத்து வண்டியின் சட்டத்தோடு பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளும் ஆளுக்கொரு சிறு இணைப்புக் கம்பி வழியாக ஸ்ட்ரட்டோடோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) லோயர் ஆர்மோடோ (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) சேரும். அந்தச் சிறு கம்பிதான் ஸ்டெபிலைசர் லிங்க். லிங்க் ராடு என்றும் சொல்வார்கள்.

வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. வெளிச் சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்குகிறது, உட்சக்கரத்தின் ஸ்பிரிங் நீள்கிறது. அப்போது ப வடிவக் கம்பியின் ஒரு கை மேலே போகும், மறு கை கீழே போகும், நடுப்பகுதி முறுக்கிக்கொள்ளும். எஃகு அந்த முறுக்கை விரும்பாது. திரும்பி நேராக வரப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்துகிறது. இந்த யோசனைக்கு 1919-லேயே ஸ்டீபன் கோல்மன் என்ற கனடாக்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்பி கொஞ்சம் தடித்தாலும் அதன் வலு எக்கச்சக்கமாகக் கூடும், ஏனென்றால் முறுக்கை எதிர்க்கும் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. கம்பி போட்டால் விட்டம் 10 சதவீதம்தான் கூடுகிறது. வலுவோ சுமார் 46 சதவீதம் கூடிவிடும்.

இரண்டு சக்கரமும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் மேலேறினால் என்ன ஆகும்? கம்பியின் இரண்டு கைகளும் சேர்ந்தே மேலே போகும். முறுக்கு கிடையாது. கம்பி புஷ்களுக்குள் சும்மா உருண்டு கொடுக்கும். லிங்க்கில் பெரிய சுமை எதுவும் ஏறாது. நேராக ஏறிய வேகத்தடையில் சத்தம் வராததற்கும் சாய்வாக ஏறினால் வந்ததற்கும் காரணம் இதுதான். இடமும் வலமும் வெவ்வேறாக அசைந்தால் மட்டுமே இந்தக் கம்பிக்கு வேலை. அந்த நேரத்தில் மட்டும் வரும் சத்தம் என்றால் சந்தேகம் முதலில் விழ வேண்டிய இடம் இந்தக் கம்பியும், அதன் புஷ்களும், லிங்க்குகளும்தான்.

பெரிய பள்ளத்தில் அமைதியாக இருந்தது ஏன் என்பதுதான் எனக்கு அதிகம் யோசிக்கக் கொடுத்த கேள்வி. தேய்ந்த லிங்க்கில் இருக்கும் ஆட்டம் மிகச் சிறியது, பல சமயம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சக்கரம் பெரிதாக ஒரு பக்கம் நகரும்போது லிங்க் ஒரே திசையில் இழுபடும் அல்லது தள்ளப்படும். அந்தச் சிறு இடைவெளி ஒருபக்கமாக அடைபட்டுவிடும், சத்தம் இருக்காது. நீண்ட வளைவில் வண்டி சாய்ந்தபடி போகும்போதும் இதே கதைதான். சொரசொரப்பான சாலையில் அப்படி இல்லை. இழுப்பு, தள்ளு, இழுப்பு, தள்ளு என்று சுமை நொடிக்குப் பலமுறை திசை மாறுகிறது. மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியைத் தாண்டி இரும்பு போய் எதிர்ப்பக்கம் மோதுகிறது. தளர்ந்த ஜன்னல் கொக்கி மென்காற்றில் கடகடக்கும், பலமாக ஒரே பக்கம் அடிக்கும் காற்றில் அழுந்தி நின்றுவிடும் இல்லையா, அதே சங்கதி.

வேகம் கூடினால் கேட்காமல் போவதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் மூடிவிடுகின்றன. கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

இனி லிங்க்கின் உள்ளே பார்ப்போம். இன்றைய லிங்க்குகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பால் ஜாயிண்ட். ஒரு எஃகுக் குண்டு, அதைச் சுற்றி வழுக்கலான பிளாஸ்டிக் கிண்ணம், நடுவே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. குண்டிலிருந்து நீளும் மரைபோட்ட தண்டுதான் ஸ்ட்ரட்டிலோ கம்பியிலோ உள்ள ஓட்டைக்குள் நுழைந்து நட்டால் இறுக்கப்படுகிறது. எல்லாம் மூடிய அமைப்பு. ரப்பர் உறை நன்றாக இருக்கும்வரை உள்ளே எதுவும் கெடாது என்றே சொல்லலாம். அது வெடித்தாலோ விளிம்பில் பிளந்தாலோ தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். கிரீஸ் வெளியேறும். குண்டின் வழவழப்பான பரப்பில் துருப் புள்ளிகள் விழும், அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தேய்க்க ஆரம்பிக்கும். அப்புறம் ஆட்டம் வராமல் எப்படி இருக்கும்? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, தெறிக்கிற சேறும் கல்லும் நேராக வந்து அடிக்கிற இடத்தில் இருக்கிற பாகம் இது. இவ்வளவு நாள் தாங்குவதே பெரிது.

பழைய வடிவமைப்பு வேறு. நீளமான ஒரு போல்ட்டில் ரப்பர் புஷ்களையும் வாஷர்களையும் அடுக்கி இறுக்கியிருப்பார்கள். இன்னும் பழைய ஒரு வகையில் லிங்க் என்ற பாகமே இல்லை. 1950-ல் வந்த ஃபோர்டு கான்சலில், மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், ஸ்டெபிலைசர் கம்பியின் முனையே நேராக லோயர் ஆர்மில் சொருகியிருக்கும். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் அதுவே பார்த்தது. ஒரே கம்பியிடம் இரண்டு வேலை வாங்கிய அந்தச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மதிப்பாக இருக்கிறது. இப்போதைய கார்களில் இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார்கள். அதனால்தான் லிங்க் தேய்ந்தாலும் சக்கரம் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை, வீல் அலைன்மென்ட்டும் மாறுவதில்லை.

சரி, லிங்க்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பலர் செய்கிற பரிசோதனை, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. அது ஏமாற்றும். ஒரு சக்கரம் தொங்க, மறு சக்கரம் தரையில் நிற்க, கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. லிங்க் விறைப்பாக இழுபட்டிருக்கும், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கைக்கு ஆட்டம் தெரியாது. “லிங்க் நல்லாத்தான் இருக்குங்க” என்ற தீர்ப்பு பல வண்டிகளில் இப்படித்தான் தவறாக வந்துவிடுகிறது. நான்கு சக்கரமும் சமதரையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னிரண்டும் ஒரே அளவு தூக்கப்பட வேண்டும். அப்போதுதான் கம்பியில் முறுக்கு இருக்காது, லிங்க் தளர்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்த முறை இது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவைத்தால் சக்கரத்துக்குப் பின்னால் கை போக இடம் கிடைக்கும். லிங்க்கின் மூட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை வண்டியின் கூரை ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்ல வேண்டும். தேய்ந்த மூட்டு விரலுக்கடியில் டிக் டிக்கென்று அடிப்பது தெளிவாகத் தெரியும். காதை நம்புவதைவிட விரலை நம்பலாம். ஏனென்றால் இடது லிங்க்கின் சத்தம் கம்பி வழியாகவும் சட்டம் வழியாகவும் ஓடி வலதுபக்கம் கேட்பதும் சாதாரணம்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, ஆளில்லாத பாதையில் நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் அறவே நின்றுபோனால் கோளாறு இந்தக் கம்பியைச் சேர்ந்ததுதான். வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், ஆகவே சோதனைக்கு மட்டும்தான்; அப்படியே நாள்கணக்கில் ஓட்டக் கூடாது.

சத்தம் நிற்கவில்லை என்றால் தேட வேண்டிய இடங்கள் வேறு. பிரேக்கில் லேசாகக் கால் வைத்ததும் சத்தம் நின்றால் பிரேக் பேடோ, அதை அழுத்தும் கேலிப்பரின் பின்களோ தளர்ந்திருக்கும். வண்டி நின்றபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டங்கென்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கிலேயே ஒரு தட்டு கைக்குத் தெரிந்தால், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் அல்லது ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை.

லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் சத்தமும் ஏறக்குறைய லிங்க்கின் சத்தம் போலவே இருக்கும். லிங்க் முழுக்க ஒடிந்துபோனால் வண்டி அதிகம் சாயும், வளைவில் அதன் போக்கு மாறும், அவசரத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் எதிர்பார்த்தபடி நடக்காது. ஆனாலும் சக்கரம் வண்டியோடுதான் இருக்கும். லோயர் பால் ஜாயிண்ட் கழன்றாலோ சக்கரம் வெளியே மடங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே “சஸ்பென்ஷனில் ஏதோ சின்னச் சத்தம், பழகிவிட்டது” என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. லிங்க் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அதை விட்டுவிடலாம் என்பதில்லை. லிங்க்தானா என்று பார்த்தே ஆக வேண்டும். லிங்க்கைச் சோதிக்கும் அன்றே இந்த ஜாயிண்ட்டையும் நெம்புகோல் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

என் வண்டியில் இரண்டு பக்கமும் மேல் மூட்டின் உறை பிளந்திருந்தது. இடதுபக்கம் விரலில் நன்றாகவே அடித்தது, வலதுபக்கம் லேசாக. ஜோடியாக மாற்ற முடிவு செய்தேன். இரண்டும் ஒரே சாலையில் ஒரே தூரம் ஓடியவை. ஒன்று போனால் மற்றது வெகுதூரத்தில் இல்லை.

பாகம் வாங்கும்போது நீளத்தைப் பார்க்க வேண்டும். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு, இன்ஜினுக்கு இன்ஜின் லிங்க்கின் நீளம் மாறுவது உண்டு. சில வண்டிகளில் இடதும் வலதும் வேறு. தண்டுகள் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் உடல் கொண்ட லிங்க்கைப் பார்த்து மட்டமான பொருள் என்று ஒதுக்க வேண்டாம். கண்ணாடி இழை கலந்த நைலான் அது. எடை குறைவு, துருப்பிடிக்காது, பல புதுக் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே அதோடுதான் வருகின்றன. நான் கவனித்து வாங்குவது உறையின் தரத்தைத்தான். உறை நன்றாக இருந்தால் லிங்க் நன்றாக இருக்கும்.

வேலை என்று பார்த்தால் பக்கத்துக்கு இரண்டு நட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நட்டுகள் சில சமயம் ஒரு முழுப் பொழுதை விழுங்கிவிடும்.

கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ கொடுக்கவே கூடாது. இரண்டு பக்கத்தையும் தூக்குவதற்குப் பாதுகாப்பைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கில் நிற்கும். நட்டைக் கழற்றியதும் லிங்க் துள்ளிக்கொண்டு வெளியே வரும், புதியதை மாட்டப் போனால் ஓட்டை நேராக வராது.

நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும் என்பதால் முதல்நாள் இரவே கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துத் துருவிளக்கி எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். இந்தத் தேய்ப்பு முக்கியம். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் மண்ணும் துருவும் கெட்டியாக ஒட்டியிருக்கும். நட்டு அதன்மேல் ஏறித்தான் வெளியே வர வேண்டும். தண்டின் நுனியில் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி இருக்கும். அதிலும் மண் அடைத்திருக்கும். கூரான கம்பியால் அதைச் சுத்தமாகத் தோண்டி எடுத்தால்தான் கீ அடிவரை இறங்கும். பாதி மட்டும் இறங்கிய கீயைத் திருகினால் குழி வழுக்கிப்போகும்.

அந்தக் குழி எதற்கு என்றால், நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுற்றிவிடும். உள்ளே இருப்பது உருண்டைக் குண்டுதானே, அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டைச் சுற்ற வேண்டும். சில லிங்க்குகளில் குழிக்குப் பதில் உறைக்குப் பக்கத்தில் தண்டில் இரண்டு தட்டையான முகங்கள் இருக்கும், மெல்லிய ஸ்பேனர் போட்டுப் பிடிக்க.

என் வண்டியில் மூன்று நட்டுகள் பதவிசாக வந்தன. இடது மேல் நட்டு அசையவில்லை. எண்ணெய் விட்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும் பார்த்தேன். குழி வழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, கிரைண்டரால் நட்டை ஒரு பக்கம் கீறி, உளியால் ஒரு தட்டுத் தட்டியதும் பிளந்தது. பழைய லிங்க் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதைக் காப்பாற்ற நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. காப்பாற்ற வேண்டியது ஸ்ட்ரட்டில் உள்ள தகட்டையும், பக்கத்தில் ஓடும் பிரேக் ஹோஸையும், ஏ.பி.எஸ். ஒயரையும். அவற்றை ஈரத்துணியால் மூடி ஓரமாகக் கட்டிவைத்த பிறகுதான் கிரைண்டரை எடுக்கலாம். கண்ணாடி போடாமல் எடுக்கவே கூடாது. தீ வைத்துச் சூடாக்குவதை நான் தவிர்த்துவிடுகிறேன். ரப்பரும் பிரேக் ஹோஸும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

கழற்றியதும் பழைய லிங்க்கைக் கையில் எடுத்தேன். இடது மேல் தண்டு தலை தொங்கிப்போய் விரல் பட்டாலே எல்லாப் பக்கமும் ஆடியது. உறையைக் கிழித்தால் கிரீஸ் இருந்த இடத்தில் செந்நிறச் சேறு. புதிய லிங்க்கின் தண்டு, கட்டைவிரலை அழுத்தித் தள்ளினால்தான் நகரும்.

புதியதை மாட்டும் முன் ஸ்ட்ரட்டிலும் கம்பியிலும் லிங்க் உட்காரும் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே துருச் செதில் ஒன்று நின்றாலும், பின்னால் அது உதிர்ந்து நட்டு தளர்ந்துவிடும். நட்டுகள் தானே பூட்டிக்கொள்ளும் வகை என்பதால் புதியவற்றையே போட வேண்டும், லிங்க்கோடு வருகின்றன. இறுக்குவதற்கு, நட்டை அடித்து அடித்து வேகமாகச் சுற்றும் இம்பாக்ட் கன் வேண்டாம். குண்டு உள்ளே வேகமாகச் சுழன்றால் கிண்ணம் சூடாகிப் புதிய மூட்டு முதல் நாளே கெட்டுவிடும். கையால் இறுக்கி, கடைசியில் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட் இருந்தால் சக்கரம் தொங்கிய நிலையிலேயே இறுக்கிவிடலாம். ரப்பர் புஷ் உள்ள வகை என்றால் சக்கரம் தரையில் நிற்கிற உயரத்தில்தான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

வண்டியை இறக்கி, வீல் நட்டுகளை இறுக்கி, அதே சொரசொரப்பான சாலையில் ஓட்டினேன். வேகத்தடையில் வேண்டுமென்றே சாய்வாக ஏற்றினேன். டயர் உருளும் சத்தம் மட்டும்தான். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அடுத்த சில வாரங்களில், சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும் நேரத்தில், மெல்லிய தொம் என்ற ஒலி ஒன்று காதில் பட்டது. லிங்க்கின் கூர்மையான டக் இல்லை, அமுங்கிய ஒலி. அது ஸ்டெபிலைசர் கம்பியின் நடுவில் இருக்கும் புஷ். பெரிய சத்தத்துக்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்திருக்கிறது. கம்பியைக் கையால் அசைத்தால் ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. கம்பியில் புஷ் உட்கார்ந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. புஷ்ஷில் ஒரு பக்கம் வெட்டு விட்டிருப்பார்கள், அதனால் கம்பியைக் கழற்றாமலே மாற்றலாம். என் வண்டியில் அதன் கிளாம்ப் போல்ட்டுகள் ஸ்டீயரிங் ரேக்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் சப்ஃப்ரேமை, அதாவது இவற்றைத் தாங்கும் அடிச்சட்டத்தை, கொஞ்சம் இறக்க வேண்டும். அதை லிஃப்ட் இருக்கிற இடத்தில் கொடுத்துத்தான் செய்யப்போகிறேன். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு லிங்க் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.